கூடுதல் சம்பாத்தியம் அப்புறம், முதலில் அஞ்சு வட்டி

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எதுவும் இங்கே வராது. வயது 36. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு ஒரு நூற்பு மில்லின் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறார். கைக்கு வரும் சம்பளம் 29,000 ரூபாய். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், அம்மா, ஒரு வாடகை வீடு. மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் என்று மனைவியின் 7 பவுன் நகையை வங்கியில் வைத்து 1,50,000 ரூபாய் வாங்கினார். அப்பா பிழைக்கவில்லை. காரியச் செலவு, அடுத்த வருடமே தங்கை கல்யாணம் என்று ஒரு கடன் ஐந்தாகிவிட்டது.

அவர் எழுதிய கணக்கு இது. கிரெடிட் கார்டில் 90,000 நிலுவை, மாதம் மினிமம் டியூ 4,500. ஒரு நிதி நிறுவனத்தில் பர்சனல் லோன் பாக்கி 1,60,000, இ.எம்.ஐ. 7,400. முறையான ஒரு லோன் ஆப்பில் 24,000 பாக்கி, மாதம் 3,600. ஊரில் ஒருவரிடம் அஞ்சு வட்டிக்கு ஒரு லட்சம். அதற்கு 14 மாதமாக 5,000 வீதம் வட்டி மட்டும் கட்டுகிறார். அந்த வட்டிக்காரரிடம் ஒரு புரோநோட்டும், தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு செக்கும் இருக்கின்றன. ஆக மாதம் 20,500 கடனுக்கே போகிறது. வாடகை 5,500. மிச்சம் 3,000 ரூபாயில் ஐந்து பேர் மாதத்தை ஓட்ட வேண்டும். முடியாததால் மளிகையைக் கார்டில் தேய்க்கிறார். போன மாதம் அதுவும் போதாமல் இன்னொரு ஆப்பில் ஏழு நாள் கடன் எடுத்திருக்கிறார். திரையில் 10,000 என்று காட்டி, கணக்கில் 6,800தான் போட்டார்கள். இப்போது 10,000 கேட்டு, போட்டோவை மாற்றி எல்லா நம்பருக்கும் அனுப்பிவிடுவோம் என்று மிரட்டுகிறார்கள்.

கடனை அடைக்கக் கூடுதல் வருமானம் தேடியதில் இன்னொரு சிக்கல். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பத்து நாள் ராத்திரி முழித்து டைப் அடித்தார். "துல்லியம் 98 சதவீதம் வரவில்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், 18,500 கட்டாவிட்டால் வழக்கு" என்று வாட்ஸ்ஆப்பில் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நண்பர் ஒருவரோ, பேங்க் கணக்கையும் சிம் கார்டையும் கொடுத்தால் மாதம் 15,000 வரும் என்கிறார்.

அவர் கேட்பவை: இ.எம்.ஐ. கட்டாவிட்டால் ஜெயிலா? மச்சான் சொல்கிறபடி மஞ்சள் கடுதாசி, அதாவது திவால் நோட்டீஸ், கொடுத்துவிடலாமா? செக்குக்கு ஸ்டாப் பேமென்ட் போட்டால் போதுமா? மனைவியை மகளிர் குழுவில் சேர்த்துக் கடன் எடுத்து இதை அடைக்கலாமா? மாதம் பத்தாயிரம் கூடுதலாக வர என்ன வழி? நகைக்கடன் தவிர வேறு எதுவும் மனைவிக்குத் தெரியாது என்கிறார். கடைசி வரி: "சில நாள் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் அப்படியே எங்காவது போய்விடலாம் போலிருக்கிறது."

தம்பி, எனக்கு உங்களைவிட இருபது வயதுக்கு மேல் இருக்கும், அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்த நினைப்பு திரும்ப வந்தால் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். 104க்கோ 14416க்கோ கூப்பிடுங்கள். எந்த நேரத்திலும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள், காசு கிடையாது. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். இது அடைக்கக்கூடிய கடன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கீழே எண்களோடு காட்டுகிறேன்.

நீங்கள் "வருமானம் போதவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. வருமானத்தைவிட வட்டிதான் உங்களை அரிக்கிறது. அதை நிறுத்தாமல் ராத்திரியெல்லாம் வேலை செய்து பத்தாயிரம் கொண்டுவந்தாலும் அது வட்டிக்காரர் வீட்டுக்கும் கார்டு கம்பெனிக்கும்தான் போகும்.

ஜெயில் பயம்

வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல, அது சிவில் விவகாரம். நிதி நிறுவனம் நீதிமன்றம் போய், வழக்கு நடந்து, தீர்ப்பு வாங்கி, அதற்கப்புறம்தான் சம்பளத்தில் கை வைக்க முடியும். அப்போதும் முழுச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது என்கிறது. உங்கள் சம்பளத்துக்கு ஏறக்குறைய 9,300 ரூபாய்க்கு மேல் பிடிக்க முடியாது என்று ஆகிறது. கட்ட வசதியே இல்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980லேயே சொல்லிவிட்டது.

ஆனால் இங்கே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். செக் திரும்பினால் அது வேறு கதை. இ.எம்.ஐ. தானாகப் பிடிக்கப் போட்டிருக்கும் பேங்க் உத்தரவு பணமில்லாமல் திரும்பினாலும், 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடாச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் குற்ற வழக்குப் போட வழி இருக்கிறது. ஒரு மாதம் தவறியதும் போலீஸ் வந்துவிடாது. முதலில் சட்டப்படி நோட்டீஸ் வர வேண்டும், கட்டுவதற்கு அவகாசமும் உண்டு. அதனால் ஏதாவது ஒரு மாதம் முடியாது என்று தெரிந்தால், தேதிக்கு முன்னாலேயே நிறுவனத்துக்கு இமெயிலில் எழுதி அவகாசம் கேளுங்கள். போனில் சொன்னது எங்கும் பதிவாகாது.

வசூலுக்கு வருகிறவர்களுக்கும் எல்லை இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது. சொந்தக்காரர், கூட வேலை செய்பவர்களிடம் சொல்லி அவமானப்படுத்தக்கூடாது. இது 2022இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. மீறினால் அந்த நிறுவனத்துக்கே முதலில் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. விவரம் கேட்க 14448.

ஓட்டை எங்கே இருக்கிறது

நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சு வட்டி என்றால் நூறுக்கு மாதம் ஐந்து ரூபாய். வருடத்துக்கு 60 சதவீதம். 14 மாதத்தில் 70,000 கட்டிவிட்டீர்கள், ஒரு லட்சம் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

கார்டைப் பாருங்கள். மினிமம் டியூ கட்டினால் போதும், கணக்கு சுத்தமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். லேட் பீஸ் வராது என்பது மட்டும்தான் அதில் உண்மை. உங்கள் ஸ்டேட்மென்டில் மாத வட்டி 3.5 சதவீதம் என்று போட்டிருக்கிறது. 90,000க்கு வட்டி 3,150. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 567. இரண்டும் சேர்ந்து 3,717. நீங்கள் கட்டும் 4,500இல் அசலுக்குப் போவது 783 ரூபாய். அந்த மாதம் கார்டில் மளிகை 2,000க்கு வாங்கினால் கடன் கூடிவிட்டது. பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாள் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். கார்டைக் கத்தரித்துவிடுங்கள். கணக்கை மூடுவது பாக்கி தீர்ந்த பிறகு.

பர்சனல் லோன் உங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது, தொகை பெரிதாக இருப்பதால். அதைத் தொடாதீர்கள். இ.எம்.ஐ.யில் மாதாமாதம் அசல் குறைகிறது, அது பாட்டுக்கு ஓடட்டும். முறையான ஆப் கடனும் இன்னும் ஏழெட்டு மாதத்தில் தானாக முடிந்துவிடும். தீர்க்க வேண்டியவை அஞ்சு வட்டியும் கார்டும், இரண்டும் சேர்த்து 1,90,000.

வழி உங்களிடமே இருக்கிறது. 7 பவுன் என்றால் 56 கிராம். மூன்று வருடத்துக்கு முன்னால் இருந்த தங்க விலை வேறு, இன்றைய விலை எங்கேயோ போய்விட்டது. நகை மதிப்பில் முக்கால் பங்குவரை வங்கிகள் கடன் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அதே வங்கியில் வட்டியைக் கட்டி, நகையை இன்றைய மதிப்புக்கு மாற்றி வைத்தால் கூடுதலாக 1,90,000 கிடைப்பதற்கு நிறையவே இடம் இருக்கிறது. வட்டி 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 19,000, மாதத்துக்கு ஏறக்குறைய 1,600 ரூபாய். இப்போது இந்த இரண்டு கடனுக்கும் மாதம் 9,500 போகிறது. வித்தியாசம் 7,900 ரூபாய்.

ஒரு நாள்கூடக் கூடுதலாக வேலை செய்யாமல், நீங்கள் கேட்ட பத்தாயிரத்தில் முக்கால்வாசிக்கு மேல் இங்கேயே வந்துவிட்டது.

இதில் ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன். நகைக்கடனில் மாதத் தவணை கட்டாயம் இல்லாததால் அசலை மறந்துவிடுவோம். வருடம் திரும்பும்போது வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்து, பத்து வருடம் நகையைப் பார்க்காத குடும்பங்கள் நிறைய உண்டு. கட்டாமலே விட்டால் நோட்டீஸ் வரும், அப்புறம் ஏலம். தங்கம் விலை இறங்கினால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்லியும் கேட்பார்கள். அதனால் மிச்சமாகும் 7,900இல் வீட்டுச் செலவுக்கு 2,500 எடுத்துக்கொண்டு, மீதியைச் சம்பளம் வந்த அன்றே நகைக்கடன் கணக்கில் அசலுக்குக் கட்டுங்கள். முன்கூட்டி அசல் கட்டினால் ஏதாவது பிடிப்பார்களா என்று கையெழுத்துப் போடும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வங்கி மறுத்தால் கூட்டுறவு சங்கத்தில் கேளுங்கள். அடகுக் கடைக்கு மட்டும் மாற்றாதீர்கள், அங்கே வட்டியும் கூட, பேப்பரும் சரியாக இருக்காது.

மனைவியிடம் சொல்லாமல் முடியாது

அது அவருடைய நகை. நீங்கள் வாங்கிக் கொடுத்ததோ, பிறந்த வீட்டில் போட்டதோ, சீதனம் மனைவியின் தனிச் சொத்து. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கணவன் அதை வைத்திருக்கலாம், அவருக்குத் தெரியாமல் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. ஆகவே நகையை மாற்றி வைக்கும் முன் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். சட்டம் இப்படிச் சொல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்.

சொன்னால் குடும்பம் உடைந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கடனைக் கேட்டு உடைந்த வீடுகளை நான் அதிகம் பார்க்கவில்லை. வசூல்காரர் வாசலில் நின்று சத்தம் போட்ட பிறகு, "எனக்கு மட்டும் ஏன் தெரியாமல் போச்சு" என்று கேட்டுத்தான் பெண்கள் உடைந்து அழுதிருக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்காகக் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். அவரைக் குறைவாக எடைபோடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லவும் வேண்டாம். முதலில் கார்டை மட்டும், அடுத்த மாதம் வட்டிக்காரரை என்று சொன்னால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

உங்கள் கடனுக்கு மனைவி சட்டப்படி பொறுப்பா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூட்டுக் கடனாளியாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும்தான் பொறுப்பு. இன்றைக்கு அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பாதுகாப்பைக் கெடுத்துவிடாதீர்கள். மகளிர் குழுக் கடனை எடுத்து இதை அடைக்கும் யோசனையை நான் எதிர்ப்பது அதனால்தான். உங்கள் கடன் அவர் பெயருக்கு மாறும். ஒரு வாரம் தவறினால் குழுவில் இருக்கிற பக்கத்து வீட்டுப் பெண்கள் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். தொழில் தொடங்க எடுத்தால் அது வேறு, பழைய கடனுக்கு வேண்டாம்.

வட்டிக்காரரும் அந்த இரண்டு செக்கும்

ஸ்டாப் பேமென்ட் போட்டால் தப்பித்துவிடலாம் என்று உங்களுக்குச் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். கடன் இருக்கும்போது ஸ்டாப் பேமென்ட் காரணமாகச் செக் திரும்பினாலும் மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு பாயும். இரண்டு வருடம்வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும். கையெழுத்து உங்களுடையது என்றால் கடனுக்காகத்தான் கொடுத்தீர்கள் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். வெறும் செக்கில் அவர் மூன்று லட்சம் என்று எழுதினால் எவ்வளவு அலைச்சல் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் கையிலும் ஆயுதம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மூன்று வருடம்வரை சிறையும் 30,000 ரூபாய்வரை அபராதமும் உண்டு. எடுத்த எடுப்பில் போலீசுக்குப் போகச் சொல்லமாட்டேன். ஒரே ஊர், பிள்ளைகள் அதே தெருவில் நடக்கிறார்கள், முதலில் பேசிப் பாருங்கள். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். முதல் ஆறு மாத வட்டியை ஜிபேயில் அனுப்பினேன், அப்புறம் ரொக்கமாகக் கேட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு செக் நம்பர்களையும் செக் புத்தகத்தின் அடிக்கட்டையிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் மதிப்பான பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், "70,000 கட்டியிருக்கிறேன், அசலை மொத்தமாக முடிக்கிறேன், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். மொத்தப் பணம் வருகிறது என்றால் பெரும்பாலான வட்டிக்காரர்கள் இறங்கி வருவார்கள்.

பணத்தைப் பேங்க் மூலமாகத்தான் கொடுக்க வேண்டும். புரோநோட்டும் இரண்டு செக்கும் உங்கள் கைக்கு வரும் அதே இடத்தில், அதே நேரத்தில் பணம் போக வேண்டும். புரோநோட்டின் பின்னால் "அசல், வட்டி முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதி போட்டு, அவர் கையெழுத்தும் சாட்சி கையெழுத்தும் வாங்குங்கள். "நாளைக்கு வந்து வாங்கிக்கோ" என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுங்கள்.

பேச்சு எடுபடாமல் மிரட்டினால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள், எஸ்.பி. அலுவலகத்திலும் கொடுங்கள். அதற்கு முன்னால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய்வாருங்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அங்கே இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு, பெண்களுக்கும் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. போன் 15100.

ஏழு நாள் ஆப், வாட்ஸ்ஆப் நோட்டீஸ்

10,000 என்று காட்டி 6,800 போடும் ஆப் முறையானதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ரிசர்வ் வங்கி விதிப்படி எவ்வளவு கடன், என்ன பிடித்தம், வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே தாளில் முன்கூட்டியே காட்ட வேண்டும். உங்கள் காண்டாக்ட் லிஸ்டையும் கேலரியையும் தொடவே கூடாது. முறையான நிறுவனங்களோடு இணைந்த ஆப்களின் பட்டியல் 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது. அதில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இல்லையென்றால், வந்த மிரட்டல் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், கூப்பிட்ட நம்பர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகளை எடுத்துவிட்டு அதை நீக்குங்கள். 1930க்குக் கூப்பிட்டு சைபர் கிரைமில் புகார் பதியுங்கள். "மூவாயிரம் கட்டுங்கள், இன்னும் ஏழு நாள் தருகிறோம்" என்பார்கள். அந்த மூவாயிரம் கடனில் கழியாது, அதைக் கட்டாதீர்கள். இன்னொன்று, சொந்தக்காரர்களுக்கும் மில்லில் நெருங்கியவர்களுக்கும் நீங்களே முந்திக்கொண்டு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: "என் போன் நம்பர்களை ஒரு மோசடி ஆப் எடுத்துவிட்டது, என் பெயரில் எது வந்தாலும் நம்ப வேண்டாம், போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன்." அவர்களிடம் இருப்பது உங்கள் மானத்தைப் பற்றிய பயம் ஒன்றுதான். நீங்களே சொல்லிவிட்டால் அதுவும் போய்விடும்.

டேட்டா என்ட்ரி நோட்டீசும் இதே ரகம்தான். அந்த வேலையே யாரும் 98 சதவீதம் எடுக்க முடியாதபடி செய்யப்பட்டது. அவர்களுக்கு நீங்கள் அடிக்கும் டைப் வேண்டாம், நீங்கள் பயந்து அனுப்பும் பணம்தான் வேண்டும். நிஜமான வக்கீல் நோட்டீசே வந்தாலும் அது ஒரு கடிதம்தான், தீர்ப்பு அல்ல. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், போனில் வாதாடவும் வேண்டாம். ஆதார், பான் நகல் கொடுத்திருப்பதால் இதையும் சேர்த்து சைபர் கிரைமில் பதிந்துவிடுங்கள். உங்கள் பெயரில் வேறு கடன் கிளம்புகிறதா என்று, கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும்.

மஞ்சள் கடுதாசி

மச்சான் நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனால் நோட்டீஸ் அனுப்பியதும் கடன் போய்விடாது. சென்னைக்கு வெளியே 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டப்படி நீதிமன்றத்தில் மனுப் போட்டு, என்னென்ன சொத்து என்று காட்டி, கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் தகவல் போய், விசாரணை நடந்து, வருடக்கணக்கில் இழுக்கும். வட்டிக்காரரிடம் இருக்கும் செக்குக்கு 138 வழக்கு வந்தால் இது காப்பாற்றாது. மாதச் சம்பளமும், கடனைவிட அதிக மதிப்புள்ள நகையும் இருக்கிற வீட்டுக்கு இந்த வழி பொருந்தாது.

பாதிப் பணத்துக்கு "செட்டில்மென்ட்" பேசித் தருகிறோம் என்று போன் செய்யும் ஏஜென்ட்டுகளையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். செட்டில் செய்த கடன் சிபிலில் "செட்டில்டு" என்றுதான் நிற்கும், முழுதாகக் கட்டி முடித்தது போல ஆகாது. வேலையே போய்விட்டவர்களுக்கு அது ஒரு வழி. உங்களுக்கு அந்த நிலைமை இல்லை.

சரி, கூடுதல் வருமானம்

நண்பர் சொன்ன 15,000ஐ முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான். வாடகைக்குக் கொடுத்த கணக்கில் வந்து விழுவது, யாரோ ஏமாந்து அனுப்பிய பணம். எங்கோ வேறு மாநிலத்தில் ஒரு பெரியவர் ஓய்வூதியப் பணத்தை இழந்து புகார் கொடுப்பார். போலீஸ் அந்தப் பணத்தைத் தேடிக்கொண்டு முதலில் வந்து நிற்பது கணக்கில் பெயர் இருப்பவரிடம். அது நீங்கள். எனக்கு எதுவும் தெரியாது என்றால், மாதம் 15,000 எதற்கு வாங்கினாய் என்று கேட்பார்கள். கணக்கு முடங்கும், ஜாமீனுக்காக அந்த ஊர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். கடனுக்கு ஜெயில் இல்லை என்று மேலே சொன்னேன், இதற்கு உண்டு. ஏற்கெனவே பாஸ்புக்கையோ ஏ.டி.எம். கார்டையோ கொடுத்திருந்தால், இன்றைக்கே பேங்குக்குப் போய் எழுதிக் கொடுத்து எல்லாவற்றையும் முடக்குங்கள்.

இப்போது நல்ல வழிகள். கையில் தொழிலை வைத்துக்கொண்டு ஏன் டைப் அடிக்கப் போனீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. முதலில் மில்லிலேயே ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, கேளுங்கள். தொழிலாளிக்கு ஓ.டி. சம்பளம் சட்டப்படி இரண்டு மடங்கு. வெளியே நான்கு மணிநேரம் அலைந்து கிடைப்பது இங்கே இரண்டு மணிநேரத்தில் கிடைக்கலாம். கணக்கு சம்பள ஸ்லிப்பில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வேறொரு மில்லில் அதே நாளில் இன்னொரு ஷிப்ட் பார்க்கும் எண்ணம் வேண்டாம். சட்டமும் விடாது, தூக்கம் கெட்ட கண்ணோடு மெயின் பேனலில் கை வைக்கிற வேலை உங்களுடையது.

அடுத்தது வார லீவு நாளில் வீட்டு வயரிங், மோட்டார், மிக்ஸி, பேன் ரிப்பேர். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வெளி வேலை கூடாது என்று ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். இருந்தால் ஹெச்.ஆரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குவது நல்லது. வயர்மேன் தகுதிச் சான்று இல்லையென்றால் அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள். அது இல்லாமல் புது வீட்டு வயரிங் எடுக்காதீர்கள், ஏதாவது நடந்தால் பழி முழுக்க உங்கள் மேல் வரும். புதுக் கருவி வாங்க இன்னொரு கடன் எடுக்கவே கூடாது. இருக்கிற டெஸ்டர், ஸ்பேனரோடு நாலு வீடு போதும் முதல் மாதத்துக்கு.

மனைவி கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் டெய்லராக இருந்தார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இப்போது வேலைக்குப் போக விருப்பமா, வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைக்க நினைக்கிறாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அவருக்குக் கடன் விவரமே தெரியாத வீட்டில் இந்தப் பேச்சே எழவில்லை பாருங்கள். ஒன்று மட்டும், அவர் சம்பாதிக்கும் பணம் அவர் கணக்கில் போகட்டும்.

கூடுதலாக வரும் பணத்தை வீட்டுச் செலவோடு கலக்காதீர்கள். ஓ.டி.யோ ரிப்பேர் காசோ, வந்த வாரமே நகைக்கடன் அசலுக்குப் போக வேண்டும். மாதம் 5,400ஐ நீங்கள் மிச்சத்திலிருந்து கட்டி, வெளி வேலையில் ஒரு 4,000 சேர்த்தால், கூடுதலாக வாங்கிய 1,90,000 ஏறக்குறைய இரண்டு வருடத்தில் தீரும். நடுவில் ஆப் கடன் முடிந்ததும் அந்த 3,600ஐயும் இதில் போட்டால் இன்னும் சீக்கிரம். பண்டிகைக்கு ஒரு தடவை கை தவறும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அதற்கெல்லாம் இடம் வைத்துத்தான் இரண்டு வருடம் என்கிறேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இன்று 1930க்குக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளை அம்மாவோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டு, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மனைவியோடு உட்காருங்கள். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு இரண்டு பேருமாக வங்கிக்குப் போங்கள். நகை அடகு ரசீது, ஆதார், பான் இருந்தால் போதும். வட்டிக்காரரிடம் பேச அதற்கு அடுத்த நாள் போகலாம். புரோநோட்டில் என்ன எழுதி வாங்குவது என்று சந்தேகம் வந்தால், போகும் முன்னால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், வாசகம் எழுதி அனுப்புகிறேன்.